நிறத்துக்கு ஏற்ற பூச்சைக் கேட்டால் நிறத்தையே மாற்றச் சொல்கிறார்கள்

கறுப்பாக இருக்கும் பெண் கடைக்குப் போய் ஃபவுண்டேஷன் கேட்டால், அவள் நிறத்துக்குப் பொருந்துவது எது என்று யாரும் தேடுவதில்லை. அவளை எப்படி வெளுப்பாகக் காட்டலாம் என்றுதான் தேடுகிறார்கள். ஃபவுண்டேஷனில் இப்படி, பவுடரில் இப்படி, சன்ஸ்க்ரீனில் இப்படி, தலைமுடி என்று போனால் அங்கும் இப்படியே. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பொறுமையும் போய்விட்டது.

நான் கேட்பது கல்யாண அலங்காரம் இல்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கண்ணாடி எதிரே பத்து நிமிடம் நிற்கிறேன். சன்ஸ்க்ரீன், கருவளையத்தின் மேல் ஒரு பொட்டு கன்சீலர், மெல்லியதாக ஃபவுண்டேஷன், கண் மை, லிப்ஸ்டிக். பிறகு தலையை வாரி முடிந்துகொண்டு பஸ் பிடிக்க ஓட வேண்டும். லட்சக்கணக்கான பெண்கள் தினமும் செய்கிற காரியம் இது. இந்தப் பத்து நிமிடத்துக்கு வேண்டிய பொருள்களைச் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் எங்களை ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறார்களா?

மதுரையில் ஒரு பெரிய கடை. குளிர்சாதன வசதி, ஆளுயரக் கண்ணாடி, சுவர் முழுக்க அழகுசாதனப் பொருள்கள். ஃபவுண்டேஷன் வரிசை தந்த நிறத்தில் தொடங்கித் தேன் நிறத்தோடு நின்றுவிடுகிறது. அந்தக் கடைசிக் குப்பியே என் உள்ளங்கை நிறத்தில்தான் இருக்கிறது. என் முகத்தின் நிறம் அந்தச் சுவரில் எங்குமே இல்லை. விற்பனைப் பெண் என் புறங்கையில் மூன்று கோடு இழுத்துக் காட்டினாள். மூன்றும் சுண்ணாம்புக் கோடு மாதிரி தெரிந்தன. விரலால் தேய்த்துப் பரப்பினாள். கோடு மறைந்தது, தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. "இதைவிட டார்க் வராது அக்கா. ஒரு ஷேடு தூக்கியே போடுங்கள், அப்போதுதான் முகம் பளிச்சென்று இருக்கும்" என்றாள். அவளும் என் நிறம்தான். தாடை விளிம்பில் அவள் பூசிய பூச்சு முடிவதும் அதற்குக் கீழே அவளுடைய சொந்தக் கழுத்து தொடங்குவதும் தனித்தனியாகத் தெரிந்தன. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்த பிறகும் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கும் பெண் அவள். சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாள். சொல்லிக்கொடுத்தவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

ஃபவுண்டேஷனுக்கு நிறம் கொடுப்பது என்ன? வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். பெரும்பாலும் இந்த நான்கின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் ஷேடுகளை உருவாக்குகிறார்கள். வெள்ளையைக் குறைத்துச் சிவப்பையும் கறுப்பையும் பக்குவமாகக் கூட்டினால் என் நிறம் வந்துவிடும். வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பாடகி ரிஹானா 2017-இல் தொடங்கிய ஃபென்டி பியூட்டி, முதல் நாளே 40 ஷேடுகளோடு கடைக்கு வந்தது. அதுவரை கேட்பாரற்றுக் கிடந்த அடர்நிறங்களை அதன் பிறகுதான் மற்ற நிறுவனங்களும் அவசர அவசரமாகச் சேர்த்தன. ஆக, செய்ய முடியும். செய்யத் தெரியும். நம் ஊர்க் கடைக்கு அனுப்பத்தான் மனம் வருவதில்லை.

கேட்டால் ஒரே பதில்: "அந்த ஷேடு ஓடாது." ஓடாதாம்! மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்று, வருகிற போகிற முகங்களைப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லட்டும். அலமாரியில் வைத்தால்தானே ஓடுமா ஓடாதா என்று தெரியும்? வைக்கவே மாட்டார்கள். வைக்காததால் விற்காது. விற்காததைக் காட்டி மறுபடியும் வைக்க மாட்டார்கள். இணையத்தில் வாங்கிக்கொள் என்று யோசனை சொல்கிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன்: போன் திரையில் தெரியும் பழுப்பு வேறு, குப்பியில் வரும் பழுப்பு வேறு. மஞ்சள் சாயல் உள்ள கறுப்பும் சிவப்புச் சாயல் உள்ள கறுப்பும் ஒன்றில்லை. பூசிப் பார்க்காமல் எதை வாங்குவது? திறந்த குப்பியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

கன்சீலர் கதை இன்னும் மோசம். கறுத்த தோலில் கருவளையத்தின் மேல் வெளிர் கன்சீலரை நேரடியாகப் பூசினால் கண்ணுக்குக் கீழே சாம்பல் திட்டுதான் மிஞ்சும். முதலில் ஆரஞ்சு நிறக் கரெக்டரை மெல்லத் தடவி, அந்த நீலக் கறுப்பை அடக்கிவிட்டு, அதன்மேல் தோல் நிறக் கன்சீலர் போட வேண்டும். தெரிந்தவர்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் அந்த ஆரஞ்சைக் கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் மேக்கப் ஆர்ட்டிஸ்ட் வாங்குவது மேடம்." வெளிர் கன்சீலர் மட்டும் எல்லோருக்கும் வேண்டியதாம், எங்கள் முகத்தைத் திருத்துவது நிபுணர் வேலையாம்.

சன்ஸ்க்ரீனைப் பற்றிப் பேசினாலே எனக்கு இரத்தம் கொதிக்கிறது. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டையாக்சைடும் வெள்ளைப் பொடிகள். மினரல் சன்ஸ்க்ரீன்கள் இவற்றால் ஆனவை. என் முகத்தில் தடவினால் ஊதா கலந்த வெளுப்பு படியும். கறுப்பாக இருப்பவர்களுக்கு சன்ஸ்க்ரீன் எதற்கு என்று கேட்கிற மேதாவிகளும் இருக்கிறார்கள். எங்களுக்கு வெயிலில் தோல் சிவந்து எரிவது குறைவுதான். ஆனால் மங்கு, பரு போன பிறகு நிற்கும் கரும்புள்ளி எல்லாம் எங்களுக்குத்தான் எளிதில் வந்து நெடுநாள் தங்கும். புற ஊதாக் கதிர் மட்டுமில்லாமல் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுத்த தோலில் நிறத்தைக் கூட்டும். அதைத் தடுக்க உதவுவது அதே இரும்பு ஆக்சைடு சேர்த்த, நிறம் கலந்த சன்ஸ்க்ரீன். அதாவது, இந்தப் பொருள் எல்லோரையும்விட எங்களுக்குத்தான் அதிகம் தேவை. அது எந்த நிறத்தில் வருகிறது தெரியுமா? வெளிர் மஞ்சளில்! பெரும்பாலும் ஒரே ஒரு ஷேடு, அதுவும் வெளிர்! மருந்து யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குத் தயாரிக்கிறார்கள். இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கல்யாண வீடுகளிலும் இதே கூத்து. மாநிறப் பெண்ணை மேடையில் ஏற்றும்போது முகம் ஒரு நிறம், காது மடல் ஒரு நிறம், மருதாணி வைத்த கை இன்னொரு நிறம். தாலி கட்டும் நேரத்தில் எடுத்த படத்தில் மாப்பிள்ளையின் விரல்கள் அவள் கழுத்தின் சொந்த நிறத்திலேயே இருக்கின்றன, முகம்தான் யாரோ ஒருத்தியுடையது. அத்தனை பணம் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணை அந்தப் பெண்ணாகக் காட்டத் தெரியவில்லை. அதன் பிறகு ஆல்பத்தில் இன்னும் கொஞ்சம் வெளுக்கிறார்கள்.

இனி முடி. எனக்குச் சுருட்டை முடி. நுனி வெட்டிக்கொள்ள பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தவுடன், கத்தரியை எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்கள்: "ஸ்மூத்தனிங் செய்துகொள்ளுங்கள் மேடம், கெரட்டின் போட்டுக்கொள்ளுங்கள், பராமரிக்க ஈஸியாக இருக்கும்." இரண்டுமே சுருளை நேராக்கும் வேலை. நான் பராமரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேனா? நுனியை வெட்டு என்றால் நுனியை வெட்ட வேண்டியதுதானே! பள்ளிக்கூடத்தில் பரட்டை என்றார்கள். வேலைக்குப் போன இடத்தில் தலை வாரவில்லையா என்றார்கள். இப்போது காசு கொடுத்து உட்கார்ந்த இடத்திலும் அதே ஏச்சு, கொஞ்சம் மரியாதையோடு.

சுருட்டை முடிக்கு வேண்டியது என்ன என்று இவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய், வளைந்து வளைந்து போகும் இழையில் நுனிவரை இறங்காது. அதனால் நுனி காய்ந்துபோகிறது. காய்ந்த முடியில் நெருக்கமான பல் உள்ள சீப்பைப் போட்டு இழுத்தால் சுருள் உடைந்து, தலை இரண்டு மடங்காக உப்பி நிற்கும். ஈரம் இருக்கும்போதே, கண்டிஷனர் வழுவழுப்பு இருக்கும்போதே, நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி விரலாலோ அகன்ற பல் சீப்பாலோ சிக்கெடுக்க வேண்டும். சொரசொரப்பான துண்டால் பரபரவென்று துவட்டாமல் பழைய பருத்திப் புடவைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். என் பாட்டி தேங்காயெண்ணெய் தொட்ட விரல்களாலேயே அவசரமில்லாமல் சிக்கெடுப்பார், ஒரு முடி அறுந்து நான் பார்த்ததில்லை. படித்துச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கும் பார்லரில் என் தலையைக் காயவைத்துவிட்டு வட்டப் பிரஷ்ஷால் இழுக்கிறார்கள். பிறகு, பாருங்கள் எவ்வளவு ஃப்ரிஸியாக இருக்கிறது என்று என்னிடமே குறை சொல்கிறார்கள்.

அந்த கெரட்டின் என்ன சாமானியப் பொருளா? பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கும், அல்லது சூடுபட்டால் அது வெளியேறும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திய வாயு அது. 200 டிகிரிக்கு மேல் சுட்ட இரும்பால் முடியை அழுத்தும்போது எழும் புகையில் கண்ணெரிந்து நிற்பது வாடிக்கையாளர் மட்டுமில்லை, நாள் முழுக்க அதையே சுவாசிக்கும் அந்தப் பார்லர் பெண்ணும்தான். ஃபார்மால்டிஹைடு இல்லை என்று அட்டையில் போட்டு விற்கும் சிலவற்றில் கிளையாக்சிலிக் அமிலம் இருக்கிறது. 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 என்று மூன்று முறை பார்லரில் முடியை நேராக்கிக்கொண்டு, மூன்று முறையும் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைக்குப் போனதை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2024-இல் வெளியிட்டது. அவருக்குப் பூசிய க்ரீமில் இருந்தது இந்த அமிலம்தான். இதையெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டா என் தலையில் கைவைக்க வருகிறார்கள்?

வெளுக்கும் க்ரீமுக்கு வருகிறேன். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர்ப் பலகை மாறியது, ஆசை காட்டும் வியாபாரம் மாறவில்லை. அதைவிடக் கொடியவை, தயாரித்தவர் முகவரிகூட இல்லாமல் ஃபேன்சி கடைகளில் தொங்கும் டப்பாக்கள். அவற்றில் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். அது தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுக்கும், அதனால் வெளுக்கும். தோல் வழியே உடம்பில் சேர்ந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரே மருத்துவமனைக்கு வந்த, அரிதான சிறுநீரக நோய் கண்ட 15 பேரில் 13 பேர் இப்படிப்பட்ட க்ரீம் பூசியவர்கள். முகம் வெளுக்க ஆசைப்பட்டதற்கு இதுவா கூலி? அவர்களுக்கு அந்த ஆசையை ஊட்டியவர்கள் யாரும் மருத்துவமனைப் படியேறவில்லை.

மருந்துக் கடைகள் செய்வது இன்னும் பெரிய துரோகம். என் அக்கா மகளுக்கு 13 வயது. சடங்கு வீட்டில் அத்தைமார்கள் கூடி, "கண்ணு மூக்கெல்லாம் லட்சணம், கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று அவள் எதிரிலேயே பேசினார்கள். அதில் ஒருவர் தெரு முனை மருந்துக் கடையில் ஒரு ட்யூப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். முதலில் பளபளத்ததாம். பிறகு கன்னம் சிவந்து, நரம்பு மெல்லிய கோடாகத் தெரிந்து, மோவாயில் பூனை முடி அடர்ந்து, அடுப்படிக்குப் போனாலே எரிகிறது என்று அழுதாள். ட்யூபை வாங்கிப் பார்த்தால் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாய்ன், மொமெட்டாசோன். கடைசியாக இருப்பது ஸ்டீராய்டு! மருத்துவர் சீட்டு இல்லாமல் இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே அவற்றை அட்டவணை எச்-இல் சேர்த்துவிட்டது. தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். திடீரென்று நிறுத்தினால் இன்னும் சீறிக்கொண்டு வரும், படிப்படியாகத்தான் விடுவிக்க வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். எந்தக் குறையும் இல்லாத குழந்தையின் முகம் அது. நன்றாக இருந்த தோலை நோயாக்கி, இப்போது அதற்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ட்யூபை எடுத்துக்கொண்டு நேராக அந்த மருந்துக் கடைக்குப் போனேன். சீட்டு இல்லாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "எல்லோரும் வாங்குகிறார்கள் மேடம், ஒன்றும் ஆகாது" என்றார். பின்னால் நின்ற பெண் அதே ட்யூபின் அட்டையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவரிடம் என்ன ஆனது என்று சொன்னேன், ட்யூபில் உள்ள பெயரைப் படித்துக் காட்டினேன். கடைக்காரர் வியாபாரத்தைக் கெடுக்காதீர்கள் என்று சத்தம் போட்டார். பில்லையும் ட்யூபின் படத்தையும் மருத்துவர் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். அத்தைக்கும் போன் செய்து, இனி அந்தக் குழந்தையின் நிறத்தைப் பற்றி அவள் காதில் விழும்படி ஒரு சொல் சொன்னால் அந்த வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் யாரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும்.