காப்புநகல் சாவிக்குக் கடிவாளம் வேண்டும்

ஆர்சிங்க், போர்க் போன்ற காப்புநகல் கருவிகளை, கடவுச்சொல் இல்லாத எஸ்எஸ்ஹெச் சாவி (தொலைவில் உள்ள சர்வரோடு பாதுகாப்பாக இணைய உதவும் சாவிக் கோப்பு) வைத்துத் தினமும் தானாக ஓட விடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரி, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் அந்தச் சாவிக்கு முழு ஷெல் உரிமையை, அதாவது சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்டும் உரிமையை, கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கணினிக்குள் நுழைந்தவன் அதே சாவியை எடுத்துக்கொண்டு தொலைவில் இருக்கும் நகல்களையும் அழித்துவிட முடியும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் குறிவைப்பது காப்புநகலையும் சேர்த்துத்தான்.

எந்தச் சாவிகளுக்கு அனுமதி என்று சர்வரில் பட்டியலிடும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் அந்தச் சாவியின் வரித் தொடக்கத்தில், கூடுதல் வசதிகளை அடைக்கும் 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற சொல்லைச் சேருங்கள். எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் 7.2 பதிப்பு முதல் இது உண்டு. கூடவே 'கமாண்ட்' போட்டு ஒரே ஒரு கட்டளையை மட்டும் அனுமதியுங்கள். போர்க் 1.x என்றால் அந்தக் கட்டளை 'போர்க் சர்வ்'; அதோடு அப்பெண்ட் ஒன்லி (புதிதாகச் சேர்க்க மட்டும் விடும் அமைப்பு) வைத்தால், சாவி களவு போய் யாராவது அழித்தாலும் பழைய தரவு சர்வரில் இருக்கும், உடனே கவனித்தால் மீட்டுவிடலாம்.

அப்புறம், குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் கிரானில் போடும் முன் அதே பயனர் கணக்கிலிருந்து ஒருமுறை கையால் இணைந்து, சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீயைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். இதை விட்டதால் எனக்கு மூன்று வாரம் ஒரு நகலும் போய்ச் சேரவில்லை. பழைய கோப்பு ஒன்றைத் தேடியபோதுதான் தெரிந்தது.