லெப்பரைக் குப்பை என்று போட்ட அந்தப் படத்தைப் பற்றி

டார்கெஸ்ட் டஞ்சன் என்கிற கேமின் ஹீரோக்களை மேலே கீழே என்று அடுக்கி, லெப்பர் என்கிற ஹீரோவை அடியில் போட்டு "குப்பை, உடனே டிஸ்மிஸ்" என்று எழுதிய ஒரு தரவரிசைப் படம் (டயர் லிஸ்ட்) எங்கள் கேம் குழுவில் வந்தது. அது தப்பு என்று நான் கமெண்ட் போட்டேன். அதற்குப் பிறகு நேற்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. இன்பாக்ஸில் வந்து கேட்டவர்களிடமும் "விடுங்க, போகட்டும்" என்றுதான் சொன்னேன். இன்று காலை அதே டயர் லிஸ்ட் வேறு இரண்டு குழுக்களில் சுற்றுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. குழுவில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். என் கமெண்டுக்குக் கீழே விழுந்த சிரிப்பு எமோஜிகளையும் பார்த்திருப்பீர்கள். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

டார்கெஸ்ட் டஞ்சனில் தனி ஹீரோவுக்கு மார்க் போட முடியாது. நாலு பேர் நிற்கிற வரிசைக்குத்தான் மார்க். முன்னால் நிற்பவர் 1, கடைசியில் நிற்பவர் 4. ஒவ்வொரு திறமையும் குறிப்பிட்ட இடங்களில் நின்றால்தான் வேலை செய்யும். இதை நான் அங்கேயும் எழுதினேன், இங்கேயும் எழுதுகிறேன், இன்னும் யாராவது அந்தப் படத்தைப் பகிர்ந்தால் அங்கேயும் போய் எழுதுவேன்.

அந்தப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் வெஸ்டல், ஆர்பலெஸ்ட், ப்ளேக் டாக்டர், ஹெல்லியன். நாலுமே அருமையான ஹீரோக்கள், மறுக்கவே இல்லை. சரி, இந்த நாலு பேரையும் ஒரு பார்ட்டியாக, அதாவது ஒரே அணியாக, நிறுத்திப் பாருங்கள். வெஸ்டல் ஒருத்தருக்குப் பெரிய ஹீல் கொடுக்க (காயத்தை ஆற்ற) வேண்டும் என்றால் 3 அல்லது 4-ல் நிற்க வேண்டும். ஆர்பலெஸ்ட் குறிவைத்து அடிக்கவும் அதே 3, 4. ப்ளேக் டாக்டர் புகையைப் போட்டு எதிரியின் பின்வரிசையை ஸ்டன் செய்வதும், அதாவது அவர்கள் முறையை இழக்கச் செய்வதும், அங்கிருந்துதான். இரண்டு இடத்துக்கு மூன்று பேர். எவராவது ஒருவர் 2-ல் நின்று, தன்னுடைய சிறந்த திறமையைப் பூட்டி வைத்துவிட்டு அடி வாங்க வேண்டும். பட்டியலில் உச்சியில் இருக்கிற நாலு பேரைச் சேர்த்தாலே ஒருவர் காலை ஒருவர் மிதிக்கிறார்கள். அப்புறம் அந்த மார்க்குக்கு என்ன அர்த்தம்?

இது இந்த ஒரு கேமின் விசித்திரமும் கிடையாது. 1981-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த விசார்ட்ரியிலேயே ஆறு பேர் பார்ட்டி, முன்னால் நிற்கிற மூன்று பேர்தான் கத்தியால் அடிக்க முடியும். பின்னால் நிற்பவர்கள் மந்திரம் போடுவார்கள். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் இந்த வகை கேமே பிறந்தது. டார்கெஸ்ட் டஞ்சனை எடுத்த ரெட் ஹூக் ஆட்கள் அதை இன்னும் இறுக்கினார்கள். 2016 ஜனவரியில் முழுதாக வெளிவருவதற்கு முன்பு, 2015-ல் எர்லி ஆக்சஸில் இருந்தபோது, செத்த எதிரியின் பிணம் அதே இடத்தில் கிடக்கும் என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். அதற்கு எவ்வளவு திட்டு விழுந்தது என்று அப்போது ஆடியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கடைசியில் வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு ஆப்ஷனே வைத்தார்கள். நான் அன்றும் அந்த மாற்றத்தின் பக்கம், இன்றும் அந்தப் பக்கம். முன்னால் நிற்பவனைக் கொன்றுவிட்டால் பின்னால் இருப்பவன் தானாக உங்கள் கைக்கு வந்துவிட மாட்டான். பிணம் இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அதனால் 3, 4-ஐ யார் எட்டுவது என்பதை உள்ளே போகும் முன்பே யோசிக்க வேண்டும்.

இப்போது லெப்பருக்கு வருகிறேன். "மிஸ் ஆகிற மெஷின்" என்று எழுதியிருந்தார்கள். ஆமாம், அவன் குறி தவறும். மெதுவானவன். 1, 2 தவிர வேறு எங்கு தள்ளினாலும் அடிக்க முடியாது. எதிரி திடீரென்று பாய்ந்து நம் வரிசை கலைந்துவிட்டால் அவன் திண்டாடுவான். எல்லாம் உண்மை. ஆனால் முதல் லெவலிலேயே 35 உயிர்ப்புள்ளியோடு வருபவன் அவன். அடி விழுந்தால் எதிரி எழுந்திருக்க மாட்டான்.

கேமில் எலும்புக்கூடுகள் நிறைந்த பகுதியான இடிபாடுகளில் என் பார்ட்டி இது: 1-ல் லெப்பர், 2-ல் ஹைவேமேன், 3-ல் ஜெஸ்டர், 4-ல் வெஸ்டல். எதிரே முன்னால் இரண்டு எலும்பு வீரர்கள், மூன்றாவதாகக் கோப்பை ஏந்திய எலும்புப் பிரபு, கடைசியில் வில்லாளி. புதிதாக ஆடுபவர்கள் முன்னால் வாள் வைத்திருப்பவனைப் பார்த்துப் பயப்படுவார்கள். உண்மையான ஆபத்து அந்தக் கோப்பைக்காரன். அவன் கோப்பையை வீசினால் உடம்பில் பெரிதாகக் காயம் இருக்காது, ஸ்ட்ரெஸ் (ஹீரோவின் மன அழுத்தக் கணக்கு) ஏறும். ஜெஸ்டர் வேகமானவன், பெரும்பாலும் முதலில் பாட்டைப் போட்டுவிடுவான். எல்லோருக்கும் குறி தவறாமல் அடிக்கும் வாய்ப்பு கூடுகிறது, லெப்பருக்கும்தான். ஹைவேமேன் துப்பாக்கியை எடுத்து நேராகக் கோப்பைக்காரனைச் சுடுகிறான். அங்கே அவன் கத்தியால் ரத்தக்கசிவு ஏற்படுத்த முயல்வது வீண், எலும்புக்கூட்டில் எங்கே ரத்தம்? லெப்பர் தன் முறை வந்ததும் முன்னால் நிற்கும் இருவரையும் ஒரே வீச்சில் வெட்டுகிறான். இரண்டு பிணமும் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கின்றனவா? பிணங்களை மொத்தமாகத் துடைத்து எறியும் ஒரு வெட்டும் அவனிடமே இருக்கிறது. பின்னால் பதுங்கியிருந்த வில்லாளி அப்படியே முன்னால் வந்து லெப்பர் கைக்கு எட்டுகிறான்.

அந்தப் படத்தில் ஜெஸ்டருக்கு நடுவில் இடம், "சும்மா பாட்டு" என்று ஒரு குறிப்பு. லெப்பருக்கு அடியில் இடம். இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எப்படி இருக்கும்? ஒவ்வொருவரையும் தனித்தனியாக வெட்டி ஒட்டினால் சேர்க்கை எங்கே தெரியும்?

"அண்ணா, டாமேஜ் சராசரி பொய் சொல்லாது" என்று ஒருவர் எழுதினார். சராசரி பொய் சொல்லவில்லை. கேமில் நம் ஆட்கள் சாவது டாமேஜ் குறைவதால் மட்டும் இல்லை என்பதை அது சொல்லவில்லை, அவ்வளவுதான். ஸ்ட்ரெஸ் 100-ஐத் தொட்டால் நாலில் ஒரு முறைதான் ஹீரோ தைரியமாக எழுவான். மற்ற நேரமெல்லாம் மனம் உடைந்துபோவான். தன் முறையை விட்டுவிடுவான், தானாகப் பின்னால் போய் வரிசையைக் குலைப்பான், ஹீல் கொடுத்தால் வேண்டாம் என்பான், கூட இருப்பவர்களைத் திட்டி அவர்கள் ஸ்ட்ரெஸையும் ஏற்றுவான். 200 வந்தால் மாரடைப்பு. பாட்டாலேயே ஸ்ட்ரெஸைக் குறைத்து இந்தச் சரிவைத் தடுப்பது "சும்மா பாட்டு" பாடுகிற ஜெஸ்டர். அதற்கு எந்த டாமேஜ் கணக்கில் மார்க் போடுவீர்கள்?

கேமின் இன்னொரு பகுதியான கடலோரக் குகைக்கும் லெப்பரைக் கூட்டிப்போவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். எல்லா இடத்துக்கும் கூட்டிப்போகச் சொல்லி நான் எங்கேயும் எழுதவில்லை. அடுத்தது.

"புதியவர்களுக்கு வழிகாட்ட ஏதாவது வேண்டாமா?" இதுதான் என்னை ரொம்ப வருத்திய கேள்வி. ஏனென்றால் இந்தப் பதிவை நான் எழுதுவதே ஒரு புதியவனால்தான். என் சித்தி பையன் சேலில் வாங்கி ஆட ஆரம்பித்தான். எவ்வளவு ஆசையாக இருந்தான் தெரியுமா? ஒவ்வொரு ஹீரோவுக்கும் எங்கள் வீட்டு ஆட்களின் பெயரை வைத்தான். ராத்திரி போன் போட்டு "அண்ணே, நம்ம பெரியப்பா இன்னைக்கு ஒத்தையா நின்னு காப்பாத்திட்டார்ணே" என்பான். அந்தப் பெரியப்பா ஒரு லெப்பர். அப்புறம் அவன் கண்ணில் இந்தப் படம் பட்டது. லெப்பரை டிஸ்மிஸ் செய்தான், ஜெஸ்டரை டிஸ்மிஸ் செய்தான், உச்சியில் இருக்கிறவர்கள் புது ஹீரோக்களைக் கொண்டுவரும் வண்டியில் வரும்வரை காத்திருந்து, நான் மேலே சொன்ன அதே நாலு பேரோடு இடிபாடுகளுக்குள் போனான். மொத்தப் பார்ட்டியும் போயிற்று. பழைய சேவுக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆட முடியாத கேம், உங்களுக்குத் தெரியும். "நமக்கு இது ஒத்துவராதுண்ணே" என்று சொல்லி அன்றே அழித்துவிட்டான். அவன் நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தான். தானாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்ததை அந்தப் படம் பிடுங்கிவிட்டது. இதற்குப் பெயர் வழிகாட்டுதலா?

இதைத்தான் கமெண்டில் மரியாதையாகச் சொன்னேன். "அங்கிள், நீங்க ரேடியன்ட் மோட்லயே ஆடுங்க" என்று பதில் வந்தது. கேமில் இருப்பதிலேயே எளிதான மோட் அது. ரேடியன்ட் மோட் ஆடுவதில் என்ன கேவலம் இருக்கிறது? வேலை, வீடு, குழந்தை என்று இருப்பவர்கள் முடிக்க வேண்டும் என்றே அந்தக் குறுகிய மோடை வைத்திருக்கிறார்கள். நான் அதைவிடக் கஷ்டமான டார்கெஸ்ட் மோடிலும் முடித்திருக்கிறேன். அதை அங்கே நிரூபிக்கவேண்டிய நிலைமைக்கு என்னைத் தள்ளிவிட்டு, நான் பதில் எழுதுவதற்குள் கமெண்டையும் மூடிவிட்டார்கள்.

"ஒரு கேமுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆமாம், கோபம்தான். இந்தப் பழக்கம் கேமோடு நிற்பதில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாக ஒரு எண், அந்த எண்ணை வைத்து மேலே கீழே என்று அடுக்குவது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் டீமில் ஒரு பெண் இருந்தார். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார், யார் வேலை சிக்கினாலும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார், ராத்திரி கிளையன்ட் கத்தினால் போனை அவர்தான் எடுப்பார். அப்ரைசலில் அவருக்குக் கடைசி மார்க். ஏன் என்று கேட்டால், முடித்த டிக்கெட் (அவரவர் பெயரில் பதிவாகும் வேலை) எண்ணிக்கை குறைவாம். எங்கள் எண்ணிக்கை எல்லாம் கூடியதே அவரால்தான் என்று நாங்கள் சொன்னோம். ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். அவர் பேப்பர் போட்டுவிட்டுப் போனார். அடுத்த சில மாதத்தில் டீமே கலைந்தது, உச்சியில் மார்க் வாங்கியவர்கள் உட்பட. அந்தப் படத்தில் லெப்பரின் முகத்துக்குக் கீழே "குப்பை, உடனே டிஸ்மிஸ்" என்று பார்த்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தைச் செய்த தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. பதினைந்து ஹீரோவுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறாய், அது சும்மா வருவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஹீரோவுக்குப் பக்கத்திலும் இரண்டு கட்டம் சேர்: எந்த இடத்தில் நிற்க வேண்டும், யாரோடு நிற்க வேண்டும். அதைச் சேர்த்துவிட்டால் நானே என் டைம்லைனில் பகிர்கிறேன். சேர்க்க மாட்டாய் என்றால் அந்த "உடனே டிஸ்மிஸ்" என்கிற வரியையாவது எடுத்துவிடு. கமெண்டையும் திறந்து வை.