தொட்டித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதீர்கள்

வன்னியில் புதிதாகக் கடை திறக்கிறவர்கள் பலர் இப்போது வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் மீன்தொட்டி ஒன்றையும் வைக்கிறார்கள். திறப்பு விழாவன்று நீல வெளிச்சம், வண்ணக் கூழாங்கல், பிளாஸ்டிக் செடி, நான்கைந்து தங்கமீன்கள். சில மாதம் கழித்து அதே கடைக்குப் போனால் கண்ணாடி பாசி பிடித்திருக்கும், காற்றுப் பம்ப் நின்றிருக்கும். யாரைக் கேட்டாலும் அது முதலாளி வாங்கி வைத்தது என்பார்கள். உயிருள்ள ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, அதற்கு யார் பொறுப்பு என்று கடைசிவரை முடிவு செய்யாமலே விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் பெரிய கோபம் உண்டு.

அண்மையில் ஏ9 வீதியோரம் பூட்டிக் கிடந்த கடையொன்றிலிருந்து அப்படிப்பட்ட தொட்டியை எடுத்து வந்தோம். உரிமையாளர் வெளிநாடு போய்விட்டார். சாவி வைத்திருந்த பக்கத்துக் கடை ஐயா மனம் கேளாமல் இடைக்கிடை ஒரு பிடி தீனி போட்டு வந்திருக்கிறார். தண்ணீர் பாதிக்கு இறங்கி மண்ணிறமாக இருந்தது. மீன்கள் மேல்மட்டத்தில் ஒட்டி நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்றின் வாலில் சவ்வு முழுவதும் கரைந்து நரம்புகள் மட்டும் மிஞ்சியிருந்தன. வடிகட்டியின் ஸ்பொஞ்சைத் தொட்டதும் விரலிடுக்கால் கறுப்புச் சேறு வழிந்தது.

கூட வந்த தம்பிக்கு நல்ல மனம். "அக்கா, இதற்குள் இன்னும் எப்படி விடுவது?" என்று ஓடிப்போய்க் கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாளி கொண்டுவந்துவிட்டான். அந்த வாளிகளைக் கண்டுதான் இதை எழுத நினைத்தேன். ஏனென்றால் அவன் செய்யப் போனதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், அதனால்தான் மீன்கள் சாகின்றன.

மீன் செவுள் வழியாக அமோனியாவைக் கழிவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடந்து அழுகும் தீனியிலிருந்தும் அமோனியாதான் வருகிறது. பழகிய தொட்டியில், ஸ்பொஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் பக்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவாக நஞ்சில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றிவிடும். அந்த வேலை நடக்க நடக்கத் தண்ணீரின் காரத்தன்மை செலவாகும். மாதக்கணக்காக யாரும் கவனிக்காத தொட்டியில் பிஎச் பெறுமானம் 6 வரைக்கும், சிலவேளை அதற்குக் கீழேயும் இறங்கிவிடும். பக்றீரியாக்கள் ஓய்ந்துவிடும், கழிவு சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் நஞ்சு குறைந்த அமோனியம் என்ற வடிவிலேயே இருப்பதால் மீன் எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவே சொல்லும். கல்சியம் நிறைந்த வன்நீர். அதை ஒரேயடியாக ஊற்றினால் பிஎச் 6இலிருந்து 8க்குத் தாவும். ஒரு அலகு ஏற நஞ்சான அமோனியாவின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும், இரண்டு அலகு ஏற நூறு மடங்கு. நேற்றுவரை சேற்றில் உயிரோடிருந்த மீன் இன்று பளிங்குத் தண்ணீரில் செத்து மிதக்கும். ஏற்கெனவே வருத்தம் முற்றிவிட்டது என்று சொல்லி அள்ளிப் போடுவார்கள்.

நாங்கள் பழைய தண்ணீரின் பெரும்பகுதியை வாளிகளில் எடுத்தோம். மீன்களை அதே தண்ணீரோடு ரெஜிபோம் பெட்டியில் விட்டு, பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பைப் பொருத்தினோம். ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே மெதுவாக அலசி, ஈரம் காயாமல் கொண்டுவந்தோம். குழாயடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் மிஞ்சியிருக்கும் பக்றீரியாவும் போய்விடும். வீட்டில் வெளிச்சத்தைக் குறைத்து, முதலில் தீனியை நிறுத்தினோம். பட்டினியால் தங்கமீன் சில நாட்களில் செத்துவிடாது. நாளொன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும், அதையும் சேலைன் குழாய் ஒன்றைக் கட்டித் துளித்துளியாக இறக்கினோம். வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் போட்ட கிணறென்றால் அந்தத் தண்ணீர் பக்கமே போகக்கூடாது. குளோரின் முற்றாகப் போகும்வரை வேறு கிணறு தேட வேண்டும்.

மருந்து இதற்குப் பிறகுதான். ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது மருந்தைத்தான். பாமசியில் மனிதருக்கு விற்கும் ரெற்றாசைக்கிளின் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிற வழக்கம் நம்மிடையே இருக்கிறது. வன்நீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்து வைத்துவிடும், மீனுக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேராது. கண்டபடி அன்ரிபயோற்றிக் கொட்டினால் மருந்துக்கு அடங்காத கிருமிகளைத்தான் வளர்த்துவிடுவோம்.

முதலில் ஆனையிறவுக் கல்லுப்பு போதும். நைத்திரைற்று ஏறிய தண்ணீரில் மீனின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் மீன் மூச்சுக்கு அலைவது அதனால்தான். லீற்றருக்கு ஒரு கிராம் உப்பு, செவுள் வழியாக நைத்திரைற்று ஏறுவதைத் தடுக்கும். உடம்பில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி இருந்தால் தங்கமீனுக்கு இரண்டு, மூன்று கிராம் வரை படிப்படியாகக் கூட்டலாம். கெளுத்தி இனங்களும் உயிர்ச்செடிகளும் அவ்வளவு தாங்காது. தராசில் நிறுத்தே போடுங்கள், கையளவை நம்ப வேண்டாம்.

வெண்புள்ளி ஓர் ஒட்டுண்ணி. தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. முற்றியதும் உதிர்ந்து, கல்லில் ஒட்டி, நூற்றுக்கணக்காகப் பிரிந்து, குஞ்சுகள் மீனைத் தேடி நீந்தும். மருந்து கொல்வது அந்தக் குஞ்சுகளைத்தான். ஆகவே புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு வாரமாவது தொடர வேண்டும். நம் சித்திரை வெயிலில் ஹீற்றர் இல்லாமலே தண்ணீர் 30 பாகையைத் தொடும். வெண்புள்ளியை விரட்ட அது நல்லது. ஆனால் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, காற்றுப் பம்ப் ஒரு நொடியும் நிற்கக்கூடாது. வாயோரம் பஞ்சு படர்ந்த மீனென்றால் சூடு நேரெதிராக வேலை செய்யும். அது பெரும்பாலும் பூஞ்சணம் அல்ல, சூட்டில் வேகமாகப் பெருகும் பக்றீரியா.

எல்லாம் பிழைக்கவில்லை. ஒன்றின் வயிறு வீங்கிச் செதில்கள் நிமிர்ந்து நின்றன. அந்த நிலைக்கு வந்த மீன் மீள்வது மிக அரிது. அதை நோவில்லாமல் சாகவிட, பல்வலிக்கு வாங்கும் கராம்பெண்ணெயைச் சிறிது இளஞ்சூட்டுத் தண்ணீரில் நன்றாகக் குலுக்கி மெல்ல மெல்லச் சேர்த்தால் மீன் உறங்கிவிடும். உறங்கிய பின் இன்னும் சேர்த்து, செவுள் அசைவு நின்று நெடுநேரமாகும்வரை காத்திருக்க வேண்டும். உயிரோடு வெளியே எறிவதையும் மலகூடத்தில் ஊற்றுவதையும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

மீன் தின்கிற ஊரில் மீனுக்கு வைத்தியமா என்று கேட்கிறார்கள். நானும் மீன் தின்கிறவள்தான். முல்லைத்தீவுக் கரையில் வலையில் படுகிற மீன் அன்றைக்கே இறந்துவிடுகிறது. தன் கழிவையே மாதக்கணக்காக மூச்சாக இழுத்து அது சாவதில்லை. 2008இல் போரால் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாத அந்த அவதியிலும், மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் நம் ஆட்கள். நம்மால் முடியாவிட்டாலும் அது தன் வழியைத் தானே பார்க்கட்டும் என்ற நினைப்பு அது. கண்ணாடிக்குள் இருக்கும் மீனுக்கு அவிழ்த்துவிடக் கயிறில்லை. சட்டமும் இதை அறியாததல்ல. மிருகவதையைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அடைத்து வைக்கப்பட்ட மீனையும் விலங்கென்றே கொள்கிறது.

அவிழ்த்துவிடுவதென்று எண்ணிக் குளத்தில் விடுவதும் ஆகாது. கண்ணாடி துடைக்கும் என்று வாங்குகிற 'டாங்க் கிளீனர்' தென்னமெரிக்கக் கெளுத்தி. கரையில் வளை தோண்டி முட்டையிடும் இனம். குளக்கட்டை நம்பி வயல் செய்கிற நமக்கு அது என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை. மருந்து போட்ட தண்ணீரையும் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள்.

தொட்டி வைத்திருக்கும் கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். தீனி போடவும் தண்ணீர் மாற்றவும் ஊழியர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், அதற்குரிய நேரத்தையும் அவருக்குக் கொடுங்கள். கடையை மூடுவதென்றால் பூட்டுப் போடுவதற்கு முன்பே சொல்லுங்கள். வாளியும் பெட்டியும் பம்பும் எங்களிடம் இருக்கின்றன, வந்து எடுத்துப் போகிறோம்.