ஃபாதருக்காக ஒரு பூசை

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (எங்கள் கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும்) 11 ஆண்டுகள் இருந்த பங்குத்தந்தையைப் போன வாரம் அடக்கம் செய்தோம். அன்றிலிருந்து பங்கு வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்துக்கு ஒளிவட்டம் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "நடமாடிய புனிதர்", "இனி வானகத்திலிருந்து நமக்காகப் பரிந்து பேசுவார்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். அன்பில்தான் எழுதுகிறார்கள், தெரியும். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

நான் அறிந்த ஃபாதருக்கு முன்கோபம் உண்டு. திருப்பலியில், அதாவது பூசையில், யார் கைப்பேசியாவது ஒலித்தால், அது அடங்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். பாடற்குழு ஒரு சுருதியில் போகும், அவர் இன்னொன்றில் போவார். மறையுரை (பூசையில் செய்யும் பிரசங்கம்) மட்டும் ஏழு நிமிடத்தைத் தாண்டாது. அதற்காகவே பக்கத்துப் பங்கிலிருந்து வந்தவர்கள் உண்டு.

அவர் வந்த இரண்டாம் ஆண்டில், அவரை மாற்றச் சொல்லி ஆயருக்கு (பிஷப்புக்கு) ஒரு மனு போனது. மொத்தம் ஆறு புள்ளிகள். கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். இன்று யோசித்தால், அவர் கோயில் கணக்கைக் கேட்டதுதான் பலருக்கு உறுத்தல். மற்றதெல்லாம் ஒப்புக்குச் சேர்த்தது.

அந்தத் தவக்காலத்தில் மனசு கேட்காமல் பாவசங்கீர்த்தனத்துக்கு (செய்த பாவத்தைக் குருவிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க) போனேன். வேறு பங்குக்குப் போயிருக்கலாம், ஏனோ அவரிடமே போய் முழந்தாளிட்டேன். "மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன், ஃபாதர்" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதில் நாலாவது புள்ளி சரிதான்" என்றார்.

நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளுக்கு நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) எடுத்துப் போவதில்லை என்பது நாலாவது புள்ளி. பரிகாரமாக, அப்படி ஒருவரை அந்த வாரமே போய்ப் பார்க்கச் சொன்னார். போனேன். எனக்கு முன்பே ஃபாதர் அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, அந்தப் பெரியவரோடு ஏதோ பழைய கால்பந்தாட்டத்தைப் பற்றி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அடடே, நீங்க எங்கே இந்தப் பக்கம்?" என்றார். என் குரல் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். திருச்சபைச் சட்டத்தின் 984ஆம் விதி அதற்கும் மேலே போகிறது: அங்கே அறிந்ததை, வெளியே சொல்லாமலேகூட, சொன்னவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தக் கூடாது. அந்த முக்காலியில் நான் பார்த்தது அந்த விதியைத்தான். சாகும்வரை இந்தக் கதையை அவரால் யாரிடமும் சொல்ல முடியாது. நான் சொல்லலாம், அதனால் சொல்கிறேன். இப்படி எத்தனை பேருடைய கதைகள் அவரோடு மண்ணுக்குள் போயினவோ.

என் அம்மாவுக்கு அவஸ்தை பூச (சாகும் நிலையில் இருப்பவருக்கு எண்ணெய் பூசி மன்றாட) நடுராத்திரி இரண்டு மணிக்கு வந்தார். அவசரத்தில் கண்ணாடியை மறந்துவிட்டார். மன்றாட்டை மனப்பாடமாகவே சொன்னார். நடுவில் ஒரு வரி தப்பியது, திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். விடியும்வரை போகவில்லை. இதற்கு மேல் இதை எழுத வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் ஒருவர் ஃபாதரை ஜான் மரிய வியான்னியோடு ஒப்பிட்டிருந்தார். பங்குத்தந்தையரின் பாதுகாவலரான அந்த வியான்னியே, முடியவில்லை என்று, தான் பங்குத்தந்தையாக இருந்த பிரான்ஸின் ஆர்ஸ் ஊரை விட்டு ஓடிப்போக ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்றவர். அவர் 1859இல் இறந்தார். புனிதர் பட்டம் 1925இல்தான் கிடைத்தது. திருச்சபை 66 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதை நாம் ஒரே வாரத்தில் முடித்துவிட்டோம். அடக்கத் திருப்பலியின் மறையுரை புகழுரையாக இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. நாம் அங்கே கூடுவது இறந்தவருக்காக மன்றாட. புனிதர், வானகம் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டால் அப்புறம் யார் அவருக்காக மன்றாடுவது?

இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் (பூசைக்குக் கட்டாயம் போக வேண்டிய திருநாள்) ஒரு பூசையைத் தன் மக்களுக்காகவே ஒப்புக்கொடுப்பது பங்குத்தந்தையின் கடமை. அதற்குக் காணிக்கை வாங்க முடியாது. 11 ஆண்டுகளில், ஞாயிறுகளை மட்டும் எண்ணினாலே 570 பூசைக்கு மேல் வரும். அத்தனையும் நமக்காக, மனுவில் கையெழுத்துப் போட்டவர்களுக்கும் சேர்த்து.

அடக்கத்தன்று பெட்டியை வைத்த விதத்தைக் கவனித்திருப்பீர்கள். நம்மைப் போன்றவர்கள் என்றால் கால் பீடத்தின் பக்கம் இருக்கும். குருவுக்குத் தலைமாடு பீடத்தின் பக்கம். பூசை நிறைவேற்றும்போது நின்ற மாதிரியே மக்களைப் பார்த்தபடி. வரிசையில் நின்றபோது அந்த முகம் என்னைப் பார்த்து "நீங்க எங்கே இந்தப் பக்கம்?" என்று கேட்கிற மாதிரிதான் இருந்தது.

நேற்றுப் பங்கு அலுவலகத்துக்குப் போய், ஃபாதர் ஆன்மாவுக்காக ஒரு பூசை எழுதச் சொன்னேன். குழுவில் எழுதியதைப் பார்த்த கடுப்பில், வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைத்தேன். உபதேசியார் (கோயில் வேலைகளில் குருவுக்கு உதவுபவர்) நோட்டைப் புரட்டினார். அடுத்த மூன்று வாரமும் ஃபாதர் பெயர்தான். ஒளிவட்டம் போட்டு அனுப்பிய அக்கா இரண்டு நாள் எழுதியிருக்கிறார். எனக்குக் கிடைத்தது அதற்கும் அடுத்த செவ்வாய்க்கிழமை, காலைப் பூசை.