டாக்டர் ஸ்டோனில் என் நாயகன் அந்தக் கிழவன்தான்

டாக்டர் ஸ்டோன் என்கிற ஜப்பானியச் சித்திரக்கதையைப் (மங்காவைப்) பற்றி யார் எழுதினாலும் அதன் கதாநாயகன் சென்கூவின் மூளையைத்தான் புகழ்கிறார்கள். புகழட்டும். உலகமே கல்லாகிப்போய் 3,700 ஆண்டுகள் கழிகின்றன. அத்தனை காலமும் இந்தப் பள்ளிக்கூடப் பையன் கல்லுக்குள் கிடந்தபடி விநாடிகளை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டு, இன்று 5738 ஏப்ரல் 1 என்று தேதி சொல்லிக்கொண்டு எழுந்து வந்தால் வாய் பிளக்கத்தான் செய்யும். ஆனால் திரும்பப் படிக்கும்போது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது மூளை இல்லை, கைகள். (கதையைப் போட்டு உடைக்கப் போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம்.)

சென்கூ எழுந்தபோது மனித குலத்தின் மொத்த அறிவியலும் அவன் தலையில் இருக்கிறது. அப்படியும் முதல் ஆறு மாதம் வயிற்றுப்பாட்டிலேயே போய்விடுகிறது. கல்லைத் தட்டிக் கருவி செய்கிறான், தீ மூட்டுகிறான், தங்க ஓர் இடம் கட்டுகிறான். தைஜூ என்கிற முரட்டு உடம்புக்காரன் எழுந்து வந்து, காட்டுத் திராட்சையைப் பறித்துச் சுமந்து வந்து கொட்டிய பிறகுதான் விஷயம் நகர்கிறது. திராட்சையிலிருந்து ஒயின், ஒயினைக் காய்ச்சி வடித்தால் ஆல்கஹால், அதோடு வௌவால் குகையில் சொட்டும் நைட்ரிக் அமிலம். கல்லானவர்களை எழுப்பும் திரவம் ரெடி. சூத்திரம் சென்கூவுடையது, சுமை தைஜூவுடையது.

இரும்பு உருக்கும் கட்டம் இன்னும் பிரமாதம். ஆற்றுமணலில் காந்தத்தை விட்டு இரும்புத்துகளைச் சேர்த்தாயிற்று, உலையும் கட்டியாயிற்று. ஆனால் உலை 1,500 டிகிரியைத் தொட வேண்டுமானால் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். இருக்கிற சில பேர் ஊதி ஊதிச் சுருண்டு விழுகிறார்கள். இதற்கு வேதியியலில் தீர்வு கிடையாது, ஆள் வேண்டும். சென்கூ என்ன செய்கிறான்? காட்டுப்புல் தானியத்தை அரைத்து ராமென் செய்து, கல்லாகாமல் தப்பிய சிலரின் வழித்தோன்றல்கள் வாழும் கிராமத்து வாசலில் கடை போடுகிறான்! (அந்தப் புல் நம் தினைக்கு மூதாதை.) நூடுல்ஸ் என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள் உறிஞ்சிக் குடித்துவிட்டு உலை ஊத வருகிறார்கள். மனிதகுல வரலாற்றைக் கூலியிலிருந்து தொடங்கிய மங்கா வேறு இருக்கிறதா தெரியவில்லை.

அப்புறம் காசெகி. கண்ணாடி செய்யும் இடத்தில் வருகிற கிழவர். கிட்டப்பார்வையால் உலகமே மங்கலாகத் தெரியும் சுய்கா என்ற சிறுமிக்கு சென்கூ எப்படியோ லென்ஸ் தேய்த்துக் கொடுத்துவிடுகிறான். முதன்முறையாகச் சூரியகாந்தித் தோட்டத்தைத் தெளிவாகப் பார்க்கிறாள், அழகான பக்கம் அது. ஆனால் குடுவை ஊதப் போனால் சென்கூவும் கிராமத்துப் பையன் குரோமும் கோணலும் மாணலுமாக எதையோ செய்து வைக்கிறார்கள். ஒளிந்து நின்று பார்க்கும் காசெகிக்குப் பொறுக்கவில்லை. கைவினைஞன் இல்லையா! பாய்ந்து வந்து குழலைப் பிடுங்கிக்கொள்கிறார். அந்த நிமிடம் வரை கண்ணாடியையே பார்த்திராத மனிதர், சென்கூ கேட்ட வடிவத்தையெல்லாம் ஊதித் தள்ளுகிறார். அந்தக் குடுவைகள் இல்லையென்றால் கிருமியை அடக்கும் சல்ஃபா மருந்து இல்லை. மருந்து இல்லையென்றால் நிமோனியாவில் கிடக்கும் கிராமத்துப் பெண் ரூரி பிழைக்க மாட்டாள். நிஜ உலகில் சல்ஃபா மருந்துகளுக்கு வழி திறந்ததற்காக கெர்ஹார்ட் டோமாக்குக்கு 1939இல் நோபல் பரிசு அறிவித்தார்கள். அவருடைய ஆய்வகக் குடுவைகளை ஊதியவர் பெயர் யாருக்குத் தெரியும்?

இதெல்லாம் பூச்சுற்றல், டிராகன் ஹெட்தான் நிஜம் என்று வாதாடும் ஒரு கோஷ்டி உண்டு. மினெதாரோ மோச்சிசுகியின் அந்த மங்கா 1994இல் தொடங்கியது. பள்ளிச் சுற்றுலா முடிந்து திரும்பும் ஷின்கான்சென் அதிவேக ரயில் சுரங்கத்துக்குள் நசுங்குகிறது, சில பிள்ளைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். யாரும் எதையும் செய்வதில்லை. இருட்டு, பயம், மிஞ்சியவர்களில் ஒருவனான நோபுவோவின் பித்து. நல்ல மங்காதான், படித்த ராத்திரி தூக்கம் வராது. ஆனால் அது மட்டுமே நிஜம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வெளிவந்துகொண்டிருந்தபோதே, 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் வந்தது. இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். வெறும் கைகள்.

டாக்டர் ஸ்டோன் மீது எனக்குக் கோபமும் உண்டு. எரிமலை, குகை, டங்ஸ்டன் என்று வேண்டியதெல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைப்பதைக்கூட மன்னித்துவிடலாம். யுசுரிஹா விஷயத்தை மன்னிக்க முடியாது. தங்கைக்காகச் சிப்பி பொறுக்கிய சிறுவயதில், கடற்கரை தன்னுடையது என்று சொன்ன ஒருவனிடம் அடி வாங்கிய சுகாசா, சென்கூவின் எதிராளி, பெரியவர்கள் எழுந்தால் மறுபடி எல்லாவற்றுக்கும் சொந்தம் கொண்டாடுவார்கள் என்று அவர்களின் சிலைகளை உடைக்கிறான். அந்தச் சில்லுகளைத் திருட்டுத்தனமாகப் பொறுக்கி, எது யாருடைய விரல், எது யாருடைய காது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்துபவள் யுசுரிஹா. சரியாகப் பொருந்தினால் அவர்களையும் எழுப்ப வழி உண்டு. கதையிலேயே மிகப்பெரிய கைவேலை இதுதான். அதற்கு இனாகாகி எழுதியதும் போய்ச்சி வரைந்ததும் கொசுறுப் பக்கங்கள்.

பிற்பாதியில் கப்பல், விமானம், நிலவுக்கு ராக்கெட் என்று கதை ஓட்டமாய் ஓடுகிறது. உலகம் முழுக்க ஆட்கள் எழுந்து வர வர, வேலை செய்யும் முகங்கள் கூட்டத்தில் கரைந்துவிடுகின்றன. 2022 மார்ச்சில் ஜம்ப் இதழில் தொடர் முடிந்தபோது எனக்குப் பெரிய வருத்தம் இல்லாததற்கு அதுதான் காரணம். ராக்கெட்டில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு யுசுரிஹாவுக்கு ஒரு முழுத் தொகுதி கொடுத்திருக்கலாம்.