உங்கள் ஊரில் யாருக்கு அடிபட்டது?

2022-இல் முதுகலை படிக்க வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட் போனேன். நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாவுக்கு அப்போது 69 வயது. சாப்பாட்டு மேசையில் எங்கே உட்கார்ந்தாலும் வலது காது என் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். காரணம் தெரிய ஒரு மாதம் ஆனது.

1972 ஜூலை 21. வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. என்ற அமைப்பு வைத்த சுமார் 20 குண்டுகள் 80 நிமிடங்களுக்குள் அந்த நகரத்தில் அடுத்தடுத்து வெடித்தன. இறந்த 9 பேரில் 6 பேர் ஆக்ஸ்ஃபோர்டு தெரு பஸ் நிலையத்தில் இருந்தவர்கள். பஸ் பிடிக்க அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்த இவருக்கு அன்றோடு இடது காது போனது. ஒற்றைக் காலில் செருப்போடு வீடுவரை நடந்திருக்கிறார். மற்றொன்று எங்கே கழன்றது என்று இன்னும் தெரியாது என்றார்.

சொல்லி முடித்துவிட்டு என் ஊரான கோவையைப் பற்றிக் கேட்டார். சிறுவாணித் தண்ணீர், பஞ்சாலைகள், மரியாதையான பேச்சு என்று அடுக்கினேன். 1998-இல் எங்கள் ஊரிலும் குண்டு வெடித்தது என்றேன். "யாருக்கு அடிபட்டது?" என்றார்.

58 பேர் செத்தார்கள் என்று சொல்ல முடிந்தது. ஒருவருடைய முகம்கூட எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னை விடவில்லை.

1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்பு. அதற்கு 55 நாள் கழித்து, ஏப்ரல் 10 அன்று, பெல்ஃபாஸ்டில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே இன்றும் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்ற இரு தரப்புக் குடியிருப்புகளுக்கு நடுவே சுவர்கள் நிற்கின்றன, இரவானால் அவற்றின் கதவுகளைப் பூட்டுகிறார்கள். ஆனாலும் தப்பிப் பிழைத்தவர்களிடம் கேட்கிறார்கள். கோவையில் சுவர் இல்லை, கேட்பவரும் இல்லை. பிப்ரவரி 14 வந்தால் போலீஸைக் குவிக்கிறோம், அவ்வளவுதான். பேசுகிறவர்களும் பாதியைத்தான் பேசுகிறார்கள். ஒரு சாரார் பிப்ரவரியிலிருந்து தொடங்குவார்கள். இன்னொரு சாரார் 1997 நவம்பரோடு நிறுத்திக்கொள்வார்கள். உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதையும், அடுத்து வந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டதையும், பிறகு அல்-உம்மா என்ற இஸ்லாமியத் தீவிரவாத அமைப்பினர் வைத்த குண்டுகளில் 58 பேர் செத்ததையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் நமக்கு வேண்டும். பள்ளிப் பாடத்திலும் இது வர வேண்டும் என்பேன்.

ஊர் திரும்பியதும் அப்பாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்போது எதற்குக் கண்ணு?" என்றார். நான் விடவில்லை. நாலு நாள் கழித்து, தன்னோடு கடையில் வேலை பார்த்த ஒருவர் அந்தச் சனிக்கிழமை மாலை வீடு திரும்பாததைச் சொன்னார். மறுநாள் அவராகவே என்னைக் கோட்டைமேட்டுக்கு, தன் தையல்கார நண்பரிடம் அழைத்துப் போனார். அந்தப் பாயின் தம்பி நவம்பர் கலவரத்தில் இறந்தவர். 25 ஆண்டுகளாக அப்பா அவரிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறார், பெருநாளுக்கு அங்கிருந்து பிரியாணி வரும். தம்பியைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை.

அன்று அப்பா கேட்டார்: "தம்பிக்கு அப்போது என்ன வயதுங்க?"

பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இருபத்திரண்டுங்க" என்றார். பிறகு உள்ளே குரல் கொடுத்து மூன்று டீ கொண்டுவரச் சொன்னார்.