முதுகுப் பைக்குள்ள எவர்சில்வர் டப்பா

காரைக்குடியில முதுகுப் பையை மாட்டிக்கிட்டு மலையேறக் கிளம்புறவனுக்கு நிம்மதியே கிடையாது. உடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல தூக்காதேன்னு சும்மா சொல்லல. இறக்கத்துல அத்தனை பாரமும் முட்டியிலதான் விழும். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. தண்ணி ரெண்டு லிட்டர் வச்சா அதுலயே 2 கிலோ போச்சு. மிச்சத்துக்காக சோப்பைக்கூட பாதியா வெட்டி வைக்கிறேன். கனத்த டவலுக்குப் பதிலா ஈரிழைத் துண்டு, சீக்கிரம் காயும்.

அப்புறம் அப்பத்தா வருவாக. சீப்புச் சீடை ஒரு டப்பா, தேன்குழல் ஒரு டப்பா, அதிரசம் வேற. அத்தனையும் எவர்சில்வர் டப்பா! "காட்டுல பசிச்சா என்னப்பு செய்வே?" அத்தை பங்குக்கு ஒரு கம்பளியைத் திணிப்பாக. வேண்டாம்னா முகம் வாடிப்போகும். பாசம்தான், எனக்குத் தெரியாதா? ஆனா கொடைக்கானல் ஏத்தத்துல தோள்பட்டை கழண்டு போகுதே!

இத்தனைக்கும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போற குடும்பம். அப்ப மட்டும் தோள்ல ஒத்தை மஞ்சப் பை, மாத்துத் துணி, அவ்வளவுதான். "நடக்கிறவனுக்குச் சுமை எதுக்கு"ன்னு எனக்கே புத்தி சொல்வாக. அந்த நியாயம் என் பைக்கு மட்டும் ஏன் கிடையாது? போன தடவை மலை மேல பையைப் பிரிச்சா, அடியில கண்ணாடி பாட்டில் நிறைய எலுமிச்சங்காய் ஊறுகாய்.